அவள் பயப்படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரங்கள் சரிந்ததை வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளுக்கு அப்போது 14 வயது. "நீ பயப்படவே இல்லை, உன் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதினாய். நான்தான் ஆடிப்போய்விட்டேன்" என்று பல வருடமாகச் சொல்லி வந்தேன். அவளோ, "நீ கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாய்மா. எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது" என்பாள்.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அவளுடைய பழைய நோட்டு கிடைத்தது. அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலில் நாலைந்து வரி. "அம்மா டிவியை அணைக்கிறாள். மறுபடி போடுகிறாள். அப்பாவுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. லைட் எரியட்டும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது." கடைசி வரியை அடித்துவிட்டு, திரும்பவும் அதையே எழுதியிருந்தாள். கோபம் என்ற பேச்சே அதில் இல்லை.

நாங்கள் இருவருமே பொய் சொல்லவில்லை. உளவியலாளர் வில்லியம் ஹர்ஸ்ட்டும் குழுவினரும் இதே தாக்குதலைப் பற்றி அமெரிக்காவில் பலரிடம் முதலில் ஓரிரு வாரத்திலும், பிறகு 11 மாதம், 35 மாதம் கழித்தும் கேட்டார்கள். எங்கே இருந்தோம், யார் சொல்லித் தெரிந்தது என்பதைவிட, மனசு என்ன பாடுபட்டது என்பதில்தான் பதில்கள் அதிகம் மாறின. இன்றைய மனநிலையின் சாயம் பழைய உணர்வின் மேல் ஏறிவிடுகிறது. பிள்ளை பயப்படவில்லை என்று நம்பினால் எனக்கு நிம்மதி. அதனால் அப்படியே நம்பிவிட்டேன் போல.

அந்த ராத்திரி லைட்டை அணைத்தது நான்தான்.

பதில்:
என் மகன் 2020 ஊரடங்கில் 15 வயதுப் பையன். இப்போது கேட்டால் "செம ஜாலிப்பா" என்கிறான். அவன் அத்தையின் போனில் அப்போது அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது. "அப்பா இருமினாலே நெஞ்சு அடிச்சுக்குது அத்தை." குரல் உடைகிற வயசு, பாதியில் கீச்சென்று போகும். இதுவரை அவனுக்குப் போட்டுக் காட்டவில்லை. ஜாலி என்று நினைத்துக்கொண்டிருப்பவனைக் கலைக்கலாமா? உங்கள் மகளிடம் நோட்டைக் காட்டினீர்களா?

பதில்:
கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். லைட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இரண்டு தடவையா போன் பண்ணினாய்? அவ்வளவு பயமாம்மா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.