தம்பி வர மாட்டேன் என்கிறான், நாங்கள் மட்டும் கூட்டத்துக்குப் போகலாமா?

மல்லிகைச்சரம்:
வணக்கம். ஊர் திண்டுக்கல் பக்கம். தம்பிக்கு 20 வயது, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டான். காரணம் வலி மாத்திரை. முதலில் விழுங்கிக்கொண்டிருந்தான். போன ஆடியில்தான் கையில் ஊசித் தடம் பார்த்தேன். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று அதுவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்தான். அம்மாவின் தோடு இப்போது அடகுக்கடையில். அவன் வீட்டுக்கு வந்து 11 நாள் ஆகிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து மூச்சு விடுகிறானா என்று பார்க்கிறேன். பாத்ரூமில் ஐந்து நிமிடம் கூடினால் கதவைத் தட்டுகிறேன். துவைக்கப் போடும் பேன்ட்டில் பையைத் துழாவாமல் விட்டதில்லை. அம்மா சொந்தக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறார். பெரியப்பா அதை நம்பி வாரம் தவறாமல் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

மையத்தில் கவுன்சலர், குடும்பத்தார் கூடும் கூட்டம் எதற்காவது போங்கள் என்றார். பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறு சாயங்காலம் அல் அனான் நடக்கிறதாம். ஆனால் அது குடிக்கிறவர்களின் வீட்டாருக்கு. எங்கள் வீட்டில் மாத்திரை. உள்ளே விடுவார்களா? தம்பி வராமல் நாங்கள் போய் என்ன ஆகப்போகிறது? "தப்பு பண்ணினது அவன், நான் எதுக்குப் போய் உட்காரணும்?" என்கிறார் அம்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பழையசோறு:
தங்கச்சி, முதலில் சர்ச் விஷயம். ஹால்தான் அவர்களுடையது, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்து அறையில் நடக்கிறது. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடலாம். முழுப்பெயர்கூடக் கேட்க மாட்டார்கள்.

அல் அனான் 1951-ல் அமெரிக்காவில் குடிநோயாளிகளின் வீட்டார் தொடங்கியது. மாத்திரை, கஞ்சா மாதிரியானவற்றுக்கு நார் அனான் என்று தனியாக இருக்கிறது, ஆன்லைனிலும் கூடுகிறார்கள். ஆனாலும் பக்கத்தில் இருப்பதை விட வேண்டாம். போன் போட்டு உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள்.

நான் 9 வருடமாகப் போகிறேன். என் மகன் குடி. காலையில் அவன் எழுந்திருக்க முடியாத நாளில் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "காய்ச்சல் சார்" என்று சொல்வது என் வேலை. ஒரே வருடத்தில் அவனுக்கு எத்தனை தடவை டைபாய்டு வந்தது என்று எனக்கே கணக்கில்லை. முதல் மூன்று வாரம் கூட்டத்தில் அழுதுவிட்டு வந்தேன், அவ்வளவுதான். நாலாவது வாரம் ஒரு பேங்க் அம்மா, பர்ஸை அரிசிப் பானையில் ஒளித்து வைப்பதாகச் சொன்னார். நானும் அங்கேதான் வைப்பேன்! அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த வருடம் முழுக்கச் சிரித்ததில்லை.

அங்கே அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவள் கைவிடுவதா என்று. அப்புறம் ஒருநாள் சூப்பர்வைசருக்குப் போன் போடவில்லை. அந்த மாதமே வேலை போனது. அதனால் குடியை விட்டானா என்றால் இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் விட்டான். நான் கூட்டத்துக்குப் போனதால் விட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வருடமும் நான் தூங்கினேன்.

அம்மாவை இழுக்காதீர்கள். முதலில் நீங்கள் போங்கள்.

இரவுப்பணி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். பயமுறுத்த அல்ல, அவசியம் என்பதால் சொல்கிறேன். 30 நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்ப அதே அளவு எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். அதனால் ராத்திரி எழுந்து பார்ப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்: உலுக்கியும் எழாதது, மூச்சு மிக மெதுவாக வருவது, உதடு நீலம் பூப்பது. உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல்லுங்கள். காமாலைக் கதை அங்கே வேண்டாம். நலாக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது, நேரத்தோடு போட்டால் மூச்சு திரும்பும்.

ஊசி போட்டிருப்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம். மனநல மருத்துவரிடம் ப்யூப்ரெனார்ஃபின் (போதை ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து) சிகிச்சை இவனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். போதை மீட்புக்கு இலவச உதவி எண் 14446. உங்களுக்கே தாங்கவில்லை என்றால் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம்.

ரெண்டரைவருஷம்:
அக்கா, எனக்கு 23. நானும் மாத்திரைதான். பாத்ரூம் கதவைத் தட்டாதீங்க. எங்க அக்கா நடந்து வர்ற சத்தம் எனக்கு மனப்பாடம், அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒளிச்சிடுவேன். மீட்டிங் வான்னு வீட்டில் நூறு தடவை கூப்பிட்டும் நான் போகவில்லை. என்.ஏ.ன்னு, போதையை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் கூடுற குழு இருக்கு. அதிலிருந்து என் வயசுப் பையன் ஒருத்தன் போன் பண்ணினான். முதல் மூணு தடவை கிரிக்கெட் மட்டும்தான் பேசினான். நாலாவது தடவை நானே கேட்டேன். விட்டு மீண்ட பையன் யாரையாவது பேசச் சொல்ல முடியுமான்னு அந்தக் கவுன்சலரைக் கேளுங்க.

மல்லிகைச்சரம்:
எல்லோருக்கும் நன்றி. போன் போட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள். பரிசோதனைக்குத் தம்பி சரி என்றான், கூட்டத்துக்கு இல்லை. அம்மாவும் வரவில்லை. இன்று பெரியப்பா வந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். கீழாநெல்லிக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை எத்தனை மணி பஸ்ஸு?" என்று கேட்டார்.