புதுப்பிப்பு: கணினி பவர் கேபிள் இரைச்சலுக்குத் தீர்வு கிடைத்தது

கணினியைப் போட்டாலே மேசை ரேடியோவில் மத்திய அலை முழுக்க 'கர்ர்' என்று இரைகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது.

பவர் சப்ளைக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடப்படுகிறது. அந்த இரைச்சல் பவர் கேபிளில் ஏறினால் கேபிளே ஆன்டெனாவாகிவிடும். ஃபெரைட் வளையம்தான் (கேபிளை உள்ளே நுழைத்துச் சுற்றும், காந்தத் தன்மையுள்ள பீங்கான் வளையம்) இதற்கு மருந்து. ஆனால் சுற்றுகள் முக்கியம்: ஒருமுறை நுழைத்தால் கிடைக்கும் தடை, மூன்று முறை சுற்றினால் ஏறக்குறைய 9 மடங்காகும். கேபிளின் மேல் கவ்வி மாட்டும் சின்ன ஃபெரைட் கிளிப் மத்திய அலைக்குப் போதாது, பெரிய வளையமாக வாங்குங்கள். கேபிளைப் பிரிக்காமல் முழுசாகச் சுற்ற வேண்டும். மின்சாரம் வரும் லைவ் வயரும் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரும் சேர்ந்து போனால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் காந்தப்புலம் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

அப்புறம், திருகோணமலைக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று. உவர்மலைக் கடற்காற்றில் என் பிளக் பொயின்டின் எர்த் முனை பச்சை பூத்துக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் அதைச் சுத்தம் செய்து இறுக்கியபின் மிச்ச இரைச்சலும் குறைந்தது.

எர்த் வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.