பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரி ஆனால் கண்ணாடியில் முட்டுகிறது: என் ஒராண்டாவுக்கு என்ன?

குண்டு அக்கா, சத்துவாச்சாரி

எல்லோருக்கும் வணக்கம். மீன் வளர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

இரண்டடித் தொட்டி, சுமார் 60 லிட்டர் தண்ணீர். ஒராண்டா கோல்டு ஃபிஷ் இரண்டு. பெரியவன் குண்டு, சின்னது சிட்டு. நான் நர்ஸ். இந்த மாதம் முழுக்க நைட் டியூட்டி, ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். அதனால் ராத்திரி நடப்பதெல்லாம் அம்மா போனில் சொல்வதுதான். "உன் மீனுக்குப் பேய் பிடிச்சிருக்குடி" என்றார் முதல் நாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

முந்தாநாள் ஆஃப். நானே பார்த்தேன். எட்டு மணி இருக்கும். சும்மா நின்றுகொண்டிருந்த குண்டு திடீரென்று அம்பு மாதிரி பாய்ந்து கண்ணாடியில் மோதியது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மார்புத் துடுப்பு இரண்டும் படபடவென்று நடுங்க, அப்படியே நின்றது. வார்டில் ஃபிட்ஸ் பேஷன்ட் பார்த்தவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்று குடித்தது. சிட்டுவும் அதே மாதிரி. காலையில் இரண்டும் கீழே படுத்துக் கிடக்கின்றன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி தீனிக்கு ஓடி வருகின்றன! பத்து நாளாக இதே கதை.

வெள்ளைப் புள்ளி இல்லை, புண் இல்லை, செதில் தூக்கவில்லை. வெப்பம் 26 டிகிரி. தண்ணீர் போரும் காவிரியும் கலந்தது, டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு) 820, பிஎச் 8. இரண்டு வாரம் முன்பு கால்வாசி மாற்றினேன், வாளியில் ஒரு ராத்திரி வைத்து, குளோரின் போக்கும் சொட்டும் விட்டுத்தான். தண்ணீர் டெஸ்ட் கிட்டில் பார்த்ததில் அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். என்னவாக இருக்கும்?

ஆற்காடு மக்கன்பேடா

சந்தேகமே வேண்டாம், வெள்ளைப்புள்ளி நோயின் ஆரம்பம். கிருமி முதலில் செவுளில் உட்காரும், புள்ளி வெளியே தெரிய நாலு நாள் ஆகும். மெத்திலீன் ப்ளூ என்கிற நீல மருந்து விடுங்கள், கல்லுப்பு மூன்று கைப்பிடி, ஹீட்டரை 30-ல் வையுங்கள். என் மோலி மீன் எல்லாம் இப்படித்தான் பிழைத்தன.

குண்டு அக்கா

நன்றி அண்ணா. வீட்டில் இருந்தது, இப்போதே விட்டுவிட்டேன். தொட்டி சொட்டுநீலம் கரைத்த வாளி மாதிரி இருக்கிறது.

பாலாற்று மணல், ராணிப்பேட்டை

சிஸ்டர், உங்கள் வார்டில் என்ன நோய் என்று தெரியாமலே ஊசி போடுவார்களா? மருந்து விட்டாகிவிட்டது, போகட்டும். மேற்கொண்டு எதுவும் ஊற்றாதீர்கள். அந்த நீலம் ஃபில்டரில் அமோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கெடுக்கும். நாளை மறுநாள் அமோனியா ஏறும், கிட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

இனி விஷயம். வெள்ளைப்புள்ளிக் கிருமிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. செவுளில் அது இருந்தால் மத்தியானமும் மீன் உரசிக்கொண்டுதான் இருக்கும். இரண்டு மீனுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது, ஒரே நேரத்தில் விடுகிறது என்றால் நான் முதலில் மீனைப் பார்க்க மாட்டேன். தண்ணீரையும் அதைச் சுற்றியுள்ள காற்றையும்தான் பார்ப்பேன்.

குளோரினா? தண்ணீர் மாற்றிய அன்றே செவுளைச் சுட்டிருக்கும். இரண்டு வாரம் கழித்து எட்டு மணிக்கு வந்து சுடாது. ஆக்சிஜன் குறைவா? தொட்டியில் பாசிச்செடி நிறைய இருந்தால் ராத்திரி அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். ஆனால் அது மோசமாவது விடிவதற்குச் சற்று முன்னால், உங்களுக்கோ சாயங்காலமே ஆரம்பித்துவிடுகிறது. அமோனியா பூஜ்யம் என்கிறீர்கள். நம் ஊர் மாதிரி பிஎச் 8 தண்ணீரில் கொஞ்சம் இருந்தாலே உறைக்கும் என்பது உண்மைதான். அதற்கும் ராத்திரி பகல் இப்படிக் கறாராக இருக்காது.

உங்களுக்கு சார்ட் எழுதுவது கைவந்த கலை. இரண்டு நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, அப்போது வீட்டில் என்ன நடந்தது. அப்புறம் ஒரு கேள்வி: இந்தப் பத்து நாளுக்கு முன் வீட்டில் புதிதாக என்ன வந்தது?

குடியாத்தம் தறி

தண்ணீரில் கரண்ட் லீக் ஆகிறதா பாருங்கள். எனக்கு ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டு ஆஸ்கர் மீன் இப்படித்தான் துள்ளியது. பிளக்கைப் பிடுங்காமல் கையை மட்டும் விடாதீர்கள்.

குண்டு அக்கா

ஐயா, சார்ட் இதோ. அம்மாவை ரிலீவர் ஆக்கிவிட்டேன், பழைய டெய்லி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்.

சனி: 6.30-க்கு விளக்கேற்றி, தொட்டி லைட் போட்டு, கதவு ஜன்னல் சாத்தினார். 7.20-க்குச் சிட்டு முதல் துள்ளல். 7.40-க்குக் குண்டு. 11-க்கு அம்மா தூங்கிவிட்டார். காலை 8.15-க்கு நான் வரும்போது இரண்டும் தரையில், துடுப்பு ஒட்டிக்கொண்டு. ஜன்னல் திறந்தேன். 11 மணிக்கு மேல் தேவலை.

ஞாயிறு: மாலை 6.45-லிருந்து 9.30 வரை கரண்ட் இல்லை. மீன் இரண்டும் அமைதி! 9.30-க்குக் கரண்ட் வந்தது. 10.15-க்குத் துள்ளல்.

இதைப் பார்த்ததும் குடியாத்தம் அண்ணா சொன்ன கரண்ட் லீக்தானோ என்று பயந்துவிட்டேன். என்னிடம் ஹீட்டர் இல்லை. தொட்டி ஸ்டாண்டின் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் இருப்பவை: தொங்கும் ஃபில்டர், ஏர் பம்ப், லைட், அம்மாவின் போன் சார்ஜர், கொசு மிஷின். புதிதாக எதுவும் வாங்கவில்லை. தீபாவளிக்கு வந்த தம்பி அந்தக் கொசு மிஷினைத்தான் வாங்கி மாட்டிவிட்டுப் போனான், அவ்வளவுதான்.

பாலாற்று மணல்

அவ்வளவுதானா!

சிஸ்டர், பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கரண்ட் லீக் என்றால் 9.30-க்கு விளக்கு எரிந்த நொடியே மீன் துள்ளியிருக்கும். முக்கால் மணி நேரம் காத்திருக்காது. திரவம் சூடேறி, ஆவியாகி, மூடிய அறையில் பரவுவதற்குத்தான் அந்த முக்கால் மணி நேரம்.

அந்தக் கொசு மிஷின் குப்பியைத் திருப்பி என்ன மருந்து என்று படியுங்கள். டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்றோ, அல்லெத்ரின் வகைப் பெயர் ஏதாவதோ இருக்கும். எல்லாம் பைரித்ராய்டு கூட்டம். சாமந்திக்குச் சொந்தக்காரப் பூ ஒன்றின் விஷத்தைப் பார்த்து ஃபேக்டரியில் செய்தது. நரம்பில் சோடியம் போய்வரும் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் நரம்பு ஓயாமல் துடிக்கும். கொசுவுக்கு நடப்பது அதுதான், குண்டுவுக்கு நடப்பதும் அதுதான். நமக்குக் கல்லீரல் அதைச் சீக்கிரம் உடைத்துவிடும். மீனுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, செவுளோ உறிஞ்சுவதில் கெட்டி. நீங்கள் ஃபிட்ஸ் மாதிரி என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம்.

இதில் வில்லன் மிஷின் மட்டுமில்லை, பக்கத்தில் இருக்கும் ஏர் பம்பும்தான். அது அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. மிஷினுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து ராத்திரி முழுக்க அந்த ஆவியைத் தொட்டிக்குள் ஊட்டிக்கொண்டிருக்கிறது.

முறிவு மருந்து கிடையாது. மிஷினை அந்த அறையிலிருந்தே எடுங்கள். இன்று பாதித் தண்ணீர் மாற்றுங்கள், அதே வெப்பத்தில், குளோரின் போக்கியது. ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்று போடுங்கள், இந்த விஷம் கரியில் நன்றாக ஒட்டும். நீலமும் அதோடு போய்விடும். பம்பை நல்ல காற்று இருக்கிற இடத்துக்கு மாற்றி நீள ட்யூப் போடுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் ட்யூப் வழியாகத் திரும்பி வந்து பம்பையும் கெடுத்து வீட்டையும் நனைக்கும். இரண்டு நாள் தீனி வேண்டாம்.

குண்டு அக்கா

ஐயா, குப்பியில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின்தான். கீழே எறும்பு சைஸ் எழுத்தில் மீன் தொட்டியை மூடி வைக்கவும் என்றும் போட்டிருக்கிறது. மருந்து லேபிளை மூன்று தடவை படித்துவிட்டு ஊசி போடுகிறவள் நான். வீட்டில் ஒரு தடவை கூடப் படிக்கவில்லை.

ஆனால் கொசுவை என்ன செய்வது? மழை விட்டதிலிருந்து எங்கள் தெருச் சாக்கடை பக்கம் நிற்க முடியவில்லை. டெங்கு கேஸ் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் மிஷினைத் தூக்கிப்போடு என்றால் கை வரவில்லை.

பாலாற்று மணல்

தூக்கிப்போடச் சொல்லவில்லை. தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம் என்கிறேன். அந்த ஜன்னலுக்கு வலை அடியுங்கள், அம்மாவுக்குக் கட்டிலில் கொசுவலை. டெங்குக் கொசு பகலில் கடிக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும், ராத்திரி மிஷின் அதற்கு எவ்வளவு காவல்?

குண்டு அக்கா

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். சிட்டு போய்விட்டது. தண்ணீர் மாற்றிய மறுநாள் விடியற்காலை. அம்மாவே முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, எனக்கு டியூட்டி முடிகிற வரை சொல்லவில்லை.

நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் அமோனியா 0.5 காட்டியது. தினமும் கால்வாசி மாற்றி இறக்கினேன். குண்டு நாலாம் நாளிலிருந்து ராத்திரி துள்ளவில்லை. இன்னும் லேசாக இடது பக்கம் சாய்ந்துதான் நீந்துகிறான், ஆனால் நேற்று கையிலிருந்து தீனி வாங்கினான். பம்ப் இப்போது சமையலறை பரணில். ட்யூப் கூடத்தைத் தாண்டி வருவதால் அம்மா அதில் துணி காயப்போடப் பார்க்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் கண்ணாடி ஒட்டியிருக்கும் சிலிக்கான் எல்லாம் நீலமாகவே இருக்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?

ஆற்காடு மக்கன்பேடா

போகாது சிஸ்டர். என் தொட்டியிலும் நாலு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது. மன்னிச்சுக்கோங்க.