திருமலை மலையான கதை

அலுவலகக் கடிதங்களுக்காக ஒரு குட்டி வார்ப்பு (டெம்ப்ளேட்) மொழி எழுதினேன். அடியில் பைத்தான் நிரல்மொழி. பெயருக்கு முன்னால் உள்ள ‘திரு.’வை எடுக்க ‘நீக்கு’ என்று ஒரு செயற்கூறு வைத்தேன், உள்ளே பைத்தானின் எல்ஸ்ட்ரிப் (lstrip), முன்னால் இருப்பதை வெட்டுவது. ‘திரு.குமார்’ கொடுத்தேன், ‘குமார்’ வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அச்சாகி வந்த கடிதத்தில் ‘அன்புள்ள மலை’. அவர் பெயர் திருமலை. தருமன் ‘மன்’ ஆகியிருந்தார். ராமனுக்கு ர போய், துணைக்கால் மட்டும் புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

எல்ஸ்ட்ரிப் ‘திரு.’வை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. த, ர, இகர உகரக் குறிகள், முற்றுப்புள்ளி என்று உதிரியாக எடுத்துக்கொண்டு, அவற்றில் எது முன்னால் நின்றாலும் தின்றுகொண்டே போகும். இந்தக் குழியில் விழுந்தவர்கள் ஏராளம். 2020-ல் வந்த பைத்தான் 3.9-ல் முன்னொட்டை முழுதாகப் பார்த்து எடுக்க ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் (removeprefix) என்று தனியாக ஒன்று சேர்த்தார்கள். நானும் ‘நீக்கு’வை ‘முன்னொட்டை_நீக்கு’, ‘ஓரத்தைச்_சுரண்டு’ என்று இரண்டாக்கினேன். சுரண்டலை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

பதில்:
எனக்கு ரசீதில் அடி விழுந்தது. இடம் போதாது, பெயரில் முதல் மூன்றெழுத்து போதும் என்றார்கள். ‘கார்த்திக்’ ‘கார’ ஆனார், ர் மேலிருந்த புள்ளி அறுந்துவிட்டது. பைத்தான் துணைக்கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும்; அதன் கணக்கில் அந்தப் பெயரின் நீளம் 10, கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 பைட்டில் 30, நம் கண்ணுக்கு 5. ஸ்விஃப்ட் மொழியோ நம்மைப் போலவே 5 என்கிறது. கடைசியில் ‘நீளம்’ என்ற பெயரையே தூக்கிவிட்டு ‘எழுத்தெண்ணிக்கை’, ‘பைட்டெண்ணிக்கை’ என்று வைத்தேன். புதிதாக வருபவர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

பதில்:
எனக்கு ‘பொன்னி’. தேடினால் பாதிதான் கிடைக்கும். சில கோப்புகளில் ஒகரக் குறி ஒரே குறியீடு, சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனி. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் செயற்கூறுக்குள் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோட் என்எஃப்சி (NFC) ஒழுங்கைப் போட்டேன், தேடல் சரியானது. அப்புறம் வேறு வம்பு: கிடைத்த இடத்துக்கு மஞ்சள் பூசினால் ஓரிடம் தள்ளிப் பூசியது. இடத்தின் எண் ஒழுங்கான சரத்துடையது (சரம் என்றால் எழுத்துத் தொடர்), பூசியதோ பழைய சரத்தில்! இப்போது சரம் உள்ளே நுழையும்போதே ஒழுங்குபடுத்திவிடுகிறேன்.

பதில்:
ரசீதுக்காரரே, க்ஷ உங்கள் எழுத்தெண்ணிக்கையில் ஒன்றா இரண்டா?

பதில்:
இப்போதைக்கு இரண்டு. இரண்டெழுத்தில் வெட்டினால் லக்ஷ்மி ‘லக்’ ஆகிவிடுகிறார். தனி விதி எழுதி வைத்திருக்கிறேன், சேர்க்கத்தான் கை வரவில்லை.