சேர்ந்தவர்கள் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கூடுதலாகப் பணியமர்த்தி வருகிறோம், ஆனால் அவர்களில் பலர் ஓராண்டுக்குள் விலகிவிடுகிறார்கள். குறை தேர்வு முறையில் உள்ளதா, பணிச்சூழலில் உள்ளதா என்பதை எப்படிக் கண்டறிவது?

பதில் 1: தேர்வில் சார்பு இருப்பது உண்மைதான். பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றியபோது, கறுப்பினத்தவர் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் அழைப்புகள் வந்தன. எனவே எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, கலந்து பேசும் முன்பே தேர்வாளர்கள் தனித்தனியாக மதிப்பெண் இடட்டும்.

பதில் 2: சேர்ந்த பிறகு விலகுகிறார்கள் என்றால் நான் சூழலைத்தான் சந்தேகிப்பேன். கூட்டங்களில் யாருடைய பேச்சு இடைமறிக்கப்படுகிறது, குறிப்பெடுக்கும் வேலை எப்போதும் யார் தலையில் விழுகிறது, பதவி உயர்வுக்கு வழிவகுக்கும் பணிகள் யாருக்குப் போகின்றன என்பதைச் சில வாரங்கள் கவனியுங்கள். விலகும் நாளில் கேட்டால் பெரும்பாலோர் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் எழுதுவார்கள் (பரிந்துரைக் கடிதம் வேண்டுமே!), ஆகவே முன்னதாகவே, நேரடி மேலாளர் அல்லாத ஒருவர் கேட்பது நல்லது.

பதில் 3: மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதிகளைச் செய்து தர மறுப்பதையே பாகுபாடு என்கிறது ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை. திரைவாசிப்பான் (திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) படிக்க முடியாத செயலியில்தான் விடுப்புக் கோர வேண்டும் என்றால், பார்வையற்ற ஊழியர் ஒவ்வொரு முறையும் பக்கத்து இருக்கைக்காரரின் உதவியை எதிர்பார்த்து நிற்க நேரிடும்.