தொடாமலே போதையை அளக்க முடியுமா?

இளவேனில்:
ஊதச் சொல்லாமல், கிட்டே போகாமல், ஓட்டுநர் குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் வந்தால் பல உயிர்கள் பிழைக்கும். 2014-இல் போலந்து ராணுவத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், கார் ஜன்னல் வழியாக லேசர் பாய்ச்சி உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஆவியைக் கண்டறியும் முறையைச் சோதித்தார்கள். குறிப்பிட்ட அகச்சிவப்பு அலைகளை எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும், அதுதான் அடிப்படை. இதை ஏன் எதிர்க்கிறீர்கள்?

முகிலன்:
பின்சீட்டில் மூன்று பேர் குடித்திருக்கிறார்கள், ஓட்டுபவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. லேசருக்கு அது தெரியுமா? கையில் தேய்த்த சானிடைசரும் எத்தனால்தானே. ஊதும் கருவி நம்பகமாக இருப்பதற்குக் காரணமே ஆழ்மூச்சுதான். நுரையீரலின் அடியிலிருந்து வரும் 2,100 மில்லி காற்றில் உள்ள ஆல்கஹால், 1 மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஏசி ஓடும் காருக்குள் கலந்து கிடக்கும் காற்றுக்கு எந்தக் கணக்கு பொருந்தும்?

இளவேனில்:
சரி, காற்றை விடுங்கள். வெப்பக் கேமரா இருக்கிறது. குடித்தால் ரத்தக் குழாய்கள் விரியும், முகம் சூடாகும். நெற்றியைவிட மூக்கு அதிகம் சூடாவதைக் கிரேக்கத்தின் பட்ராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் காட்டியிருக்கிறார்கள்.

முகிலன்:
வெயிலில் நடந்து வந்தவருக்கும் முகம் சூடாகத்தான் இருக்கும். ஒரு மடக்கிலேயே முகம் சிவந்துவிடும் மரபணு சிலருக்கு உண்டு. எவ்வளவு குடித்தார் என்பதைச் சூடு சொல்லாது.

செல்வி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் தம்பி இன்சுலின் போடுபவன். சர்க்கரை இறங்கினால் நாக்கு குழறும், வேர்த்துக் கொட்டும், தள்ளாடுவான். ஒருநாள் பேருந்து நிலையத்தில் அப்படித்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "குடிகாரன்" என்று எல்லோரும் விலகிப் போனார்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது, அதைப் பிரிக்கக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை. நடையைப் பார்த்தே போதையை ஊகிக்கும் கேமரா வந்தால், அவனை என்னவென்று எழுதும்?

இளவேனில்:
அக்கா, இதை நான் யோசிக்கவில்லை. கேமரா தீர்ப்பு சொல்ல வேண்டாம். யாரை நிறுத்தலாம் என்று மட்டும் சொல்லட்டும். அப்புறம் ஊதச் சொல்வோம், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை.

முகிலன்:
நிறுத்துபவர் முதலில் "உடம்புக்கு என்ன?" என்று கேட்க வேண்டும். ஊதியதில் சுழியம் வந்தால் படத்தை அங்கேயே அழித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் சட்டத்தில் எழுதினால் நானும் உங்கள் பக்கம். அதுவரை இல்லை.