கேம்பாய்க்கு கேம் எழுதக் கத்துக்கிறேன், நான் வரைஞ்ச பூனை ஸ்க்ரீன்ல வரவே மாட்டேங்குது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. காலேஜ்ல ஒரு செமஸ்டர் சி படிச்சதோட சரி, அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல மாமா வீட்ல ஒரு பழைய கேம்பாய் (நிண்டெண்டோவோட கையடக்க கேம் மெஷின்) இருந்துச்சு, அதுல ஓடுற மாதிரி ஒரு கேம் நானே எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை. ஜிபிடிகே 2020 (சியில கேம்பாய் கேம் எழுதற டூல்கிட்) இறக்கி, 8க்கு 8 கட்டத்துல ஒரு பூனை மூஞ்சி வரைஞ்சு, டேட்டாவ ஏத்தி, ஸ்பிரைட்ட (திரையில நகர்ற பொம்மை) வைக்கற மூவ் ஸ்பிரைட்ல எக்ஸ், ஒய்க்கு 0, 0 குடுத்து, ஷோ ஸ்பிரைட்ஸும் போட்டாச்சு. கம்பைல் ஆகுது, எரரே இல்ல, ஆனா எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்லயே கேம்பாய் மாதிரி ஓட்டற சாஃப்ட்வேர்) திறந்தா வெறும் வெள்ளைத் திரை. மூணு ராத்திரியா இதேதான். சி வேணாம் ஜிபி ஸ்டூடியோல ஆரம்பிங்கிறாங்க சிலர், ப்ராசஸரோட நேரடி மொழி அசெம்ப்ளி தெரியாம தொடாதேங்கிறாங்க சிலர். எந்தப் பக்கம் போறது?

பதில் 1:
உங்க பூனை இருக்குங்க, ஸ்க்ரீனுக்கு வெளிய நிக்குது, அவ்ளோதான். கேம்பாய்ல ஸ்பிரைட்டோட எக்ஸ் 8ல இருந்தும் ஒய் 16ல இருந்தும்தான் கணக்கு. 0, 0 குடுத்தா இடது மேல் மூலைக்கும் வெளிய போயிடும். ஓரத்துல இருந்து பொம்மை மெல்ல உள்ள நுழையணும்னா அந்த மறைவிடம் வேணும், அதுக்குத்தான் அப்படி. 8, 16 குடுத்துப் பாருங்க. இன்னொண்ணு, எமுலிஷியஸ் மாதிரி ஸ்பிரைட் வியூவர் இருக்கற எமுலேட்டரா வச்சுக்குங்க, 40 ஸ்பிரைட்டும் எது எங்க இருக்குன்னு கட்டம் கட்டமா காட்டும், மூணு ராத்திரி வேலை மூணு நிமிஷத்துல முடியும்.

எந்தப் பக்கம்னு கேட்டா, சி தெரியும்னா சியிலயே இருங்க. ஜிபி ஸ்டூடியோ நல்ல டூல், கோடே எழுதாம கதை கேம் பண்ணிடலாம், ஆனா உங்களுக்கு ப்ரோகிராமிங் கத்துக்கணும்னுதானே ஆசை.

பதில் 2:
நான் அசெம்ப்ளி கட்சி, ஆனாலும் முதல் மாசமே வேணாம்னுதான் சொல்லுவேன். அதுக்குப் பதிலா மெஷினத் தெரிஞ்சுக்குங்க தம்பி. 160க்கு 144 ஸ்க்ரீன், அதாவது 20க்கு 18 டைல் (8க்கு 8 கட்டம்). வேலை செய்ய ரேம் 8 கேபி. ப்ராசஸர்ல பெருக்கலுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது, கூட்டியும் ஷிஃப்ட் பண்ணியும் (பிட்டுகள ஓரமா நகர்த்தியும்)தான் செய்யணும், அதனால குதிக்கறதுக்கு கிராவிட்டி எழுதும்போது ஃப்ளோட்ட (தசம எண்) தொடாதீங்க. பொசிஷன 16 பிட்ல வச்சு கீழ 4 பிட்ட பின்னத்துக்கு ஒதுக்கி, வரையும்போது 4 தடவ வலப்பக்கம் ஷிஃப்ட் பண்ணுங்க. பான் டாக்ஸ் (கேம்பாய் ஹார்டுவேர் பத்தின ஆன்லைன் கையேடு) தினம் ஒரு பக்கம் படிங்க, முதல்ல ஒண்ணும் ஏறாது, ரெண்டாவது வாரம் தானா புரியும்.

கேள்வி கேட்டவர்:
வந்துடுச்சு!! 8, 16 போட்டதும் மூலையில பூனை. அம்மாவ எழுப்பிக் காட்டினேன். பட்டனும் சேத்துட்டேன், ஆனா ஒரு தட்டு தட்டினா எங்க போகுதுன்னே தெரியல, அதோட பேக்கிரவுண்ட்ல செங்கல் சுவர் போட்டதும் பூனையோட கண்ணுக்குள்ள செங்கல் தெரியுது.

பதில் 1:
லூப் கடைசில விசிங்க் (அடுத்த ஃப்ரேம் வரைக்கும் காத்திருக்கற ஃபங்ஷன்) கூப்பிடுங்க. இல்லாட்டி லூப் செகண்டுக்கு ஆயிரக்கணக்குல சுத்தும், அது இருந்தா ஃப்ரேமுக்கு ஒரு தடவ, கிட்டத்தட்ட 60. அப்புறம் இடது ஓரத்துலயே பட்டன புடிச்சுக்கிட்டு நின்னா பூனை மறைஞ்சு ஒன்றரை செகண்ட் கழிச்சு வலப்பக்கமா வரும், பயந்துடாதீங்க. 8 பிட்ல 0ல இருந்து 1 கழிச்சா 255, அங்கிருந்து ஸ்க்ரீனுக்குள்ள வர அவ்ளோ நேரம் ஆகுது. எக்ஸ் 8க்கு மேல இருந்தா மட்டும் கழின்னு ஒரு இஃப் போடுங்க.

கண்ணுக்கு 0ம் நம்பர் கலர் குடுத்திருக்கீங்க. ஸ்பிரைட்ல 0ங்கறது வெள்ளை இல்ல, ஓட்டை, பின்னாடி இருக்கறது தெரியும். கண்ண 1ம் நம்பர்ல வரைஞ்சுட்டு ஸ்பிரைட்டோட கலர முடிவு பண்ற ஓபிபி0 ரெஜிஸ்டர்ல 224 போடுங்க, 1 வெள்ளையாவும் 2 அடர் சாம்பலாவும் 3 கருப்பாவும் ஆயிடும். சரியாச்சுன்னா செங்கல் சுவரோட ஒரு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, பாக்கணும்.